ஐந்தில் கை விட வேண்டும்

"போட்டோ ஒட்டியாச்சு" என்றார் என் கணவர் தரணி. ஒன்று, இரண்டு, மூன்று. நான்கில் கால் நிற்க வேண்டும், நின்றது, என் கால் ஒழுங்காகத்தான் நின்றது. எந்த போட்டோ என்று நான் கேட்பதற்குள் ஐந்து, ஆறு, ஏழு போய் எட்டும் வந்துவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை, என் தலைக்கு மேலே சுவர்க் கண்ணாடியில் தன் தோள் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார், அப்படிப் பார்த்துக்கொண்டே, "அதான், அந்த மரியபுஷ்பம். கேட்ல, செக்யூரிட்டி ரூம் கண்ணாடியில. கேட் பாஸுக்குக் கொடுத்த போட்டோவைப் பெருசு பண்ணி, குழந்தையைக் கீழே போட்டவர், வேலைக்கு வைக்க வேண்டாம்னு அடிச்சு ஒட்டிட்டாங்க. சி பிளாக்ல ஒரு வீட்டுல போய்ச் சேர்ந்திருக்கா, தைரியத்தைப் பாரு. நாளைக்குக் காலையில இந்த ரோட்டுல இருக்கற ஆறு அபார்ட்மெண்டுக்கும் அனுப்பறாங்க. இனிமே எந்த வீட்டுலயும் பிள்ளையைத் தொட முடியாது" என்றார். சொல்லிவிட்டு என்னை வலப்பக்கம் சுற்றிவிட்டார், நான் சுற்றினேன், சுற்றும்போது கிளப் ஹவுஸின் ஜன்னல், ஓரமாய்த் தள்ளி வைத்த டேபிள் டென்னிஸ் மேசை, அதன் மேல் எல்லோருடைய தண்ணீர் பாட்டில், எல்லாம் ஒரு தடவை போய்த் திரும்பி வந்தன, நான் மட்டும் திரும்பி வரவில்லை. டான்ஸ் கிளாஸ் எடுக்கும் ஸ்டான்லி மாஸ்டர் கையைத் தட்டி "சேஞ்ச்" என்றார். எட்டு ஜோடி வட்டமாய் நிற்கிறோம். ஆண்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள், பெண்கள் ஒரு இடம் நகர்ந்து அடுத்த ஆளிடம் போக வேண்டும், இரண்டு நிமிஷத்துக்கு ஒரு ஆள், எட்டாவது நகர்வில் நான் மறுபடி தரணியிடமே வந்து சேர்வேன். பதினாறு நிமிஷம். அதற்குள் முடிவு செய்ய வேண்டும், வந்து சேர்ந்ததும் சொல்ல வேண்டும், நாளைக் காலைக்கு முன்னால் சொல்லியாக வேண்டும். பாப்பாவைக் கீழே போட்டது மரியபுஷ்பம் இல்லை. நான்.

அடுத்த கை ஈரமாக இருக்கிறது, ஏழாம் மாடிப் பையன், போன மாதம் கல்யாணமானவன், "சாரி மேடம், வேர்க்குது" என்கிறான், பரவாயில்லை என்கிறேன், என் குரல் சாதாரணமாக வருவதைக் கேட்க எனக்கே பயமாக இருக்கிறது. நாற்பத்து நான்கு நாளாக இந்தக் குரலில்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். பால் காய்ச்சட்டுமா அத்தை, துணி எடுத்துட்டேன் அத்தை, எல்லாம் இந்தக் குரல்தான். லெவல் ஒன்றில் சேர்ந்தபோது இதே ஈரம் என் கையில் இருந்தது. பாப்பாவுக்கு ஒன்பது மாதம், என் பழைய சுடிதார் எதுவும் ஏறவில்லை, ராத்திரி முழித்து முழித்து முகம் வீங்கியிருந்தது, "சனிக்கிழமை ஒரு மணி நேரம், லிஃப்ட்ல இறங்கினா கிளாஸ், அம்மா பாப்பாவைப் பார்த்துக்குவாங்க, மரியபுஷ்பமும் இருக்கு" என்று தரணிதான் இரண்டு பேர் பெயரையும் எழுதிவிட்டு வந்தார், சால்சா என்ற வார்த்தையை அத்தை ஏதோ மருந்துப் பெயர் மாதிரி ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் நாள் எனக்கு ஆண் கையைப் பிடிக்கவே வரவில்லை. திருச்சியில் கான்வென்ட் ஆண்டு விழாவில் ஆடியிருக்கிறேன், பெண்ணும் பெண்ணுமாய், உயரமானவள் என்பதால் எனக்கு எப்போதும் ஆண் வேஷம், நடுவில் ஒரு சாக்பீஸ் கோடு, கோட்டைத் தாண்டினால் சிஸ்டர் லியோனி கையில் இருக்கும் மணி அடிக்கும். மாஸ்டரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "இங்க கோடு கிடையாதும்மா. நாலும் எட்டும் மட்டும்தான். அங்க கால் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனா நின்னுட்டதா நினைக்காதீங்க, உள்ள ஓடிட்டே இருக்கணும்." நாலிலும் எட்டிலும் நான் எதையெல்லாம் வைத்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. பாப்பாவின் இடது தோள் அந்த நாலில் இருக்கிறது. எக்ஸ்ரே தட்டில் ஒரு கோடு, பென்சிலால் கிழித்த மாதிரி, "காலர் போன்ல ஒரு விரிசல், சின்னப் பிள்ளைங்களுக்குச் சீக்கிரம் கூடிடும்" என்றார் டாக்டர், கூடிவிட்டது, இப்போது கையைத் தூக்கி டாட்டா காட்டுகிறாள், அவளுக்கு நினைவில்லை, எனக்கு மட்டும் கூடவில்லை. "சேஞ்ச்."

சிவஞானம் சார். அசோசியேஷன் செகரட்டரி, பாங்கில் இருந்து ரிடையர் ஆனவர், எண்ணும்போது வாய்விட்டு எண்ணுவார், தப்பு வந்தால் தன்னையே திட்டிக்கொள்வார். அவர் மனைவி லோகா அக்கா எப்போதும் எனக்குப் பின்னால் வருவார், வட்டத்தில் என் பின்னால், அவர் கொலுசுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். "என்ன அம்மிணி, கேட்டுல பாத்தியா? எல்லாருக்கும் தெரியட்டும்னு நல்லாப் பெரிய எழுத்துல போடச் சொன்னேன்" என்கிறார் சிவஞானம் சார். இன்னும் பார்க்கலீங்க சார். "பாரு. பாத்தாத்தான் உனக்கு மனசு ஆறும். பெத்தவளுக்கு எப்பிடி இருந்திருக்கும்." கை மெத்தென்று இருக்கிறது, அப்பா கை மாதிரி, இந்தக் கைதான் அதை ஒட்டியது, எனக்காக ஒட்டியது, என் மனசு ஆறுவதற்காக. "ஒண்ணு, ரெண்டு, மூணு, அட, மறுபடியும் இடதுகாலு, இந்தக் காலுக்கு பென்ஷன் கொடுத்து அனுப்பீரணும்" என்கிறார், நான் சிரிக்கிறேன், சிரிப்பும் வருகிறது. பிறகு அவர் ஐந்தில் என் இடக்கையை விடுகிறார், நானும் விடுகிறேன், ஏழில் மறுகையைப் பிடிக்கிறார், சரியாக வந்தது, "பரவால்லியே, இப்பெல்லாம் அழகா விடறே" என்கிறார்.

அதுதான் லெவல் இரண்டு. எனக்கு வராமலே இருந்த ஒன்று. ஐந்தில் விட வேண்டும், ஏழில் பிடிக்க வேண்டும், நடுவில் ஆறில் யாரும் யாரையும் பிடித்திருக்க மாட்டார்கள், அந்த ஆறு எனக்கு ஆகவே ஆகாது, நான் விடமாட்டேன், என் விரல் மூடிக்கொள்ளும், ஆளை இழுத்துவிடுவேன். "கிரிப் வேண்டாம்மா, இது பஸ் கம்பி இல்ல" என்று மாஸ்டர் மூன்று வாரம் சொன்னார், எல்லோருக்கும் நடுவில் என்னை நிறுத்தி என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார், "அஞ்சுன்னதும் கை தானாத் திறக்கணும். யோசிக்கக் கூடாது. வீட்டுல நடக்கும்போது, சமைக்கும்போது, எப்பவும் எண்ணுங்க." எண்ணினேன். சொன்னதைச் செய்யும் பெண் நான், ரிப்போர்ட் கார்டில் நடத்தை என்ற இடத்தில் பத்து வருஷமும் மிக நன்று. குக்கர் முன்னால் எண்ணினேன், லிஃப்டில் எண்ணினேன், கரண்டியைப் பிடித்து ஐந்தில் விட்டேன், சீப்பைப் பிடித்து ஐந்தில் விட்டேன், தூக்கத்தில் விரல் விரிந்து மூடுகிறது என்று தரணி சொன்னார். அந்த வியாழக்கிழமை சாயந்திரம் பாப்பா இடுப்பில் இருந்தாள், இடது கையால் அவளை அணைத்திருந்தேன், வலது கையில் அவள் கை, அவள்தான் என் ஜோடி, போனில் பாட்டு, அவள் ஒவ்வொரு ஒன்றுக்கும் சிரித்தாள், மரியபுஷ்பம் சமையலறையில் பால் பாட்டிலைக் கழுவிக்கொண்டு, "நல்லா ஆடுறீங்கம்மா, பிள்ளைக்கும் பிடிக்குது" என்றார், ஒன்று இரண்டு மூன்று, நாலு, ஐந்து, என் இடது கை திறந்தது. யோசிக்கவில்லை. தானாகத் திறந்தது. ஆறில் யாரும் யாரையும் பிடித்திருக்கவில்லை. அந்தச் சத்தம் பெரிதாகக்கூட இல்லை, ஈரத்துணியை டைல்ஸில் போட்ட மாதிரி, அதற்குப் பிறகு ஒரு நீளமான எட்டு, அவள் வாய் திறந்திருக்கிறது, அழுகை வரவில்லை, வரவில்லை, வந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். மரியபுஷ்பம்தான் ஓடி வந்து எடுத்தார், சோப்புக் கையோடு, பாப்பா சட்டையெல்லாம் நுரை. அத்தை அறையிலிருந்து வந்தபோதும், வாசல் கதவைத் திறந்து தரணி வந்தபோதும் குழந்தை மரியபுஷ்பத்தின் கையில்தான் இருந்தது. "எப்படிப் போட்டே" என்று அத்தை அவரைத்தான் கேட்டார். மரியபுஷ்பம் என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று காத்திருந்தார், அவர் கண்ணில் சந்தேகமே இல்லை, இதோ அம்மா சொல்லப் போகிறார்கள் என்று அவ்வளவு நிம்மதியாகக் காத்திருந்தார், அந்த நிம்மதி கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஒன்றாக மாறியதை நான் நின்று பார்த்தேன். "நான் போடலீங்க பாட்டியம்மா" என்றார் கடைசியில். யாரும் கேட்கவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டோம். மறுநாள் பையை எடுத்துக்கொண்டு போகும்போது செருப்பு மாட்டியபடியே என்னிடம் சொன்னது ஒன்றுதான். "இடது பக்கமா படுக்கப் போட்டுராதீங்கம்மா." திட்டியிருக்கலாம். "சேஞ்ச்" என்கிறார் மாஸ்டர், "மிருதுளா மேடம், சேஞ்ச்."

எத்தனை ஆள் ஆயிற்று, மூன்றா, நான்கா, ஒரு கை வந்தது போனது, அது யார் கை என்றுகூடப் பார்க்கவில்லை. சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பாப்பாவை என்னிடம் கொடுக்க மாட்டார்கள். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், நான் கையை நீட்டும்போது அத்தை, "இரும்மா, நானே வச்சிருக்கேன்" என்பார், அவ்வளவுதான், அந்த இரும்மா போதும். இப்போதே நான் நின்றுகொண்டு பாப்பாவைத் தூக்குவதில்லை. தரையில் உட்கார்ந்துதான் வாங்குகிறேன், உட்கார்ந்தால் விழ இடமில்லை. குளிக்க வைப்பது தரையில், சோறு ஊட்டுவது தரையில், "தரையோட தரையா பிள்ளை கூடவே கெடக்கறா, அவ்வளவு பாசம்" என்று அத்தை போனில் நாத்தனாரிடம் சொன்னார், நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு நாள் தரணி இல்லாதபோது, அத்தை கோயிலுக்குப் போனபோது, அழும் குழந்தையைக் கட்டிலிலிருந்து எடுக்க முடியாமல் பக்கத்தில் நின்று இருபது நிமிஷம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கை என்னைக் கேட்காமல் திறந்த கை. மறுபடி கேட்காமல் திறந்தால்?

"சிஸ்டர், ரொம்ப தேங்க்ஸ் சிஸ்டர்" என்கிறது எதிரில் ஒரு குரல். ஃபிரோஸ், சி பிளாக். எதற்கு என்று கேட்கிறேன். "உங்க வீட்டுக்காரர் குரூப்புல போடலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. மூணு வாரமா எங்க பையன் அந்தம்மா கையிலதான் இருந்தான். நேத்து நிறுத்திட்டோம்." கொஞ்சம் தயங்கி, காலைப் பார்த்துக்கொண்டே, "அதென்னமோ, பையன் நேத்துலேருந்து சாப்பிட மாட்டேங்கறான். கதவையே பாத்துட்டு இருக்கான். அந்தம்மாவும் ஒண்ணும் கேக்கல, வாதாடல. நீங்களும் அப்படித்தான் நினைக்கறீங்களான்னு மட்டும் கேட்டுது. எங்க வீட்டுல அழுதுட்டா" என்றார். சிஸ்டர் என்று என்னை யாராவது கூப்பிட்டால் நான் இப்போதும் எழுந்து நிற்கப் பார்ப்பேன், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று. வெள்ளிக்கிழமை மூன்றாம் பீரியடில் கிறிஸ்தவப் பிள்ளைகள் வரிசையாகக் கோவிலுக்குப் போவார்கள், பாவசங்கீர்த்தனம், செய்த தப்பைச் சாமியாரிடம் சொல்வது, போகும்போது முகம் கடுகடுவென்று, வரும்போது தின்பண்டம் வாங்கிவிட்டு வருகிற மாதிரி. என்னடி சொன்னே என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். ஆறாம் வகுப்பில் ஒரு தடவை, வேறொருத்தி பேனாவை எடுத்துவிட்டு, நானும் போகட்டுமா சிஸ்டர் என்று கேட்டேன். சிஸ்டர் லியோனி என் தலையைத் தடவி, "உனக்கு அது இல்லம்மா, நீ நேரா அவகிட்டயே போய்ச் சொல்லிடு" என்றார். நான் சொல்லவில்லை. பேனாவை அவள் டெஸ்கில் திருப்பி வைத்துவிட்டேன், யாரும் பார்க்காதபோது. திருப்பி வைக்கத் தெரியும் எனக்கு, சொல்லத்தான் தெரியாது. மரியபுஷ்பத்தை எந்த டெஸ்கில் திருப்பி வைப்பது? சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்துக் கூப்பிடலாமா, வேறு ஊரில் யார் வீட்டிலாவது சேர்த்துவிடலாமா, போட்டோவை மட்டும் எப்படியாவது கிழித்துவிடலாமா, என்று வட்டம் வட்டமாக யோசித்துப் பார்க்கிறேன், எல்லா யோசனையும் நான் வாயைத் திறக்காத யோசனையாகவே இருக்கிறது.

அடுத்தது மாஸ்டர். இன்று ஒரு ஆள் வரவில்லை, அந்த இடத்தில் அவரே நிற்கிறார், லெவல் மூன்றின் கடைசி வகுப்பு, அதனால் இது பரீட்சையும்கூட. "கண்ணை மூடிக்கங்க" என்கிறார். லெவல் மூன்று முழுக்க அதுதான், கண்ணை மூடி, எதிராளியின் கை என்ன சொல்கிறதோ அதை மட்டும் கேட்டு நடப்பது. முன்கூட்டியே ஊகிக்கக் கூடாது. விரல் நுனியில் ஒரு சின்ன அழுத்தம், அதற்குள் எல்லாமே இருக்கும், திரும்பு, நில், போ. எனக்கு இது லெவல் இரண்டைவிடச் சுலபமாக வந்தது, வாழ்க்கையில் வேறென்ன செய்திருக்கிறேன். மூடிய கண்ணுக்குள் மரியபுஷ்பம் கேட்டைத் தாண்டி வருகிறார், தன் முகத்தைத் தானே கண்ணாடியில் பார்க்கிறார், பாஸ் போட்டோவுக்காக முடியைத் தண்ணீர் தொட்டுச் சீவியிருந்தார், நான்தான் ஸ்டூடியோவுக்குப் பணம் கொடுத்து, கொஞ்சம் சிரியுங்க என்று சொல்லி அனுப்பினேன், அந்தச் சிரிப்பு இப்போது பெரிய எழுத்துக்கு மேலே இருக்கிறது. மாஸ்டரின் கை விட்டது, என் கை விட்டது, பிடித்தது. "குட்" என்றார், "எங்க ஆரம்பிச்சு எங்க வந்துட்டீங்க பாருங்க. நம்ம கிளாஸ்லயே இப்ப உங்க ரிலீஸ்தான் ரொம்ப சுத்தம். லெவல் நாலுக்கு உங்க பேரைத்தான் முதல்ல எழுதப் போறேன்." நன்றி மாஸ்டர் என்றேன். கண்ணைத் திறந்தபோது கண்ணாடியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள், உயரமாக, தோள் நேராக, பயமாக இருந்தது அவளைப் பார்க்க.

இன்னும் ஒருவர். அப்புறம் தரணி. அந்த ஒருவர் என்ன பேசினார் என்று தெரியாது, என் வாய்க்குள் வாக்கியத்தை அடுக்கிக்கொண்டிருந்தேன், என்னங்க, ஒரு விஷயம், இல்லை, என்னங்க, கோபப்படாதீங்க, இல்லை, அது கெஞ்சுகிற மாதிரி இருக்கிறது, நேராகச் சொல்ல வேண்டும். "சேஞ்ச்." தரணியின் கை உலர்ந்த கை, எப்போதும் உலர்ந்திருக்கும், சூடு அதிகமும் இல்லை குறைவும் இல்லை. ஒன்று இரண்டு மூன்று. "என்னங்க, பாப்பாவைக் கீழே போட்டது மரியபுஷ்பம் இல்லை. நான்தான். ஆடிட்டு இருந்தேன், கை விட்டுடுச்சு." சொல்லிவிட்டேன். நாலு. அவர் கால் தவறும், கை இறுகும், ஏதாவது ஒன்று நடக்கும் என்று காத்திருந்தேன். ஐந்து ஆறு ஏழு சரியாக வந்தன. "தெரியும்" என்றார்.

என்ன தெரியும். "அன்னிக்கு ராத்திரியே தெரியும். ஹால் கேமராவுல பாத்தேன்." கேமரா அன்றைக்கு ஓடவில்லை என்று அத்தையிடம் அவர்தான் சொன்னார், நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "அழிச்சிட்டேன். நீ பயப்படாத. யாருக்கும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே என்னைச் சுற்றிவிட்டார், நான் சுற்றினேன், இப்போதும் சுற்றினேன். "ஏங்க, அப்புறம் எதுக்கு போட்டோ?" "சி பிளாக்ல அவ பேச ஆரம்பிச்சா? யாரு நம்புவாங்க, யாரு நம்பமாட்டாங்கன்னு நாம உக்காந்துட்டு இருக்க முடியுமா? அம்மா காதுக்குப் போனா உன்னால இந்த வீட்டுல தலை நிமிர முடியுமா? உனக்காகத்தான் மிருது. யாராவது ஒருத்தர் போட்டதாத்தானே இருக்கணும்." குரலில் கோபமே இல்லை, அன்புதான் இருந்தது, இதை எழுதும்போதும் தேடிப் பார்க்கிறேன், அன்பு தவிர வேறெதுவும் அகப்படவில்லை. நாற்பத்து நான்கு நாள். எக்ஸ்ரே பார்க்கும்போது இந்தக் கை என் தோளில் இருந்தது. மரியபுஷ்பம் செருப்பு மாட்டும்போது இந்தக் கை கதவைப் பிடித்திருந்தது. லெவல் மூன்றில் ஒவ்வொரு சனிக்கிழமையும் கண்ணை மூடிக்கொண்டு இந்தக் கை சொல்வதை மட்டும் கேட்டு நடந்திருக்கிறேன், ஒரு வகுப்பில்கூட இது எனக்கு எதையும் சொல்லவில்லை, அழுத்தம் கூடவில்லை, குறையவில்லை. நான் மறைத்தேன், நடுங்கினேன், தூங்கவில்லை. இவர் தூங்கினார். "முகத்தைச் சரியா வச்சுக்கோ" என்றார் மெதுவாக, "எல்லாரும் பாக்கறாங்க. வீட்டுல பேசிக்கலாம்." வீட்டில் பேசிக்கொள்ள மாட்டோம், எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், காலையில் ஆறு அபார்ட்மெண்டுக்கும் போய்விடும், அதற்கப்புறம் பேசுவதற்கு இருப்பது என் பயம் மட்டும்தான், அதை அவர் பத்திரமாக வைத்துக்கொள்வார்.

"சேஞ்ச்" என்றார் மாஸ்டர். தரணி என் கையை விட்டுவிட்டு இடப்பக்கம் திரும்பினார், வரப்போகும் லோகா அக்காவுக்காகக் கை நீட்டியபடி. நான் நகரவில்லை. நகரக் கூடாது என்று நினைத்து நிற்கவில்லை, கால் வரவில்லை. லோகா அக்கா வந்து என் முதுகில் இடித்து, "என்ன அம்மிணி, வீட்டுக்காரரை உட்டுட்டுப் போக மனசில்லியா? எனக்கும் ரெண்டு நிமிசம் கொடு" என்றார், அவருக்குப் பின்னால் வந்தவர் அவர் மேல் இடித்தார், அதற்குப் பின்னால் இன்னொருவர், ஒருத்தி நகராவிட்டால் வட்டம் முழுக்க நின்றுவிடும், நின்றுவிட்டது. ஏழாம் மாடிப் பையன் வெறும் கையை நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான். சிவஞானம் சார் எண்ணுவதை நிறுத்திவிட்டு, "என்னாச்சு, கால் பெசகிருச்சா?" என்றார். தரணி, "மிருது, போ" என்றார், உதடு அசையாமல். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு நாங்கள் தேவையில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஃபிரோஸும், அவர் மனைவியும். வாயைத் திறந்தேன். பாப்பாவைக் கீழே போட்டது நான் என்று சொன்னேன். சொன்னது எனக்குக் கேட்டது, உடம்பெல்லாம் கேட்டது, ஆனால் லோகா அக்கா காதருகே கையை வைத்து, "என்ன சொல்றே, ஒண்ணும் கேக்கல" என்றார். ஒரு நொடி தரணியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். மாஸ்டர் போய் ஸ்பீக்கரை அணைத்தார். ஹால் அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை, சிவஞானம் சாரைப் பார்த்து, மரியபுஷ்பத்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.